ஓசையில்லாத எழுத்துகள்

ரேடியோவுக்கு வாய்ப்பூட்டு.
பேசினால் நீர்மூழ்கிக்குக் கேட்டுவிடும்.
பாரன்ட்ஸ் கடலில் முப்பத்தொரு கப்பல்கள்
கண்ணாலேயே பேசிக்கொண்டு
மூர்மான்ஸ்க் போகின்றன.

பகலில் கொடி.
நேற்று ஏற்றிய துணி
இன்றைக்குப் பலகை.
துடைப்பக் கட்டையால் நாலு போடு போட்டுப்
பனியை உதிர்த்தால்தான்
மஞ்சளா நீலமா என்பதே தெரியும்.
'தலைமைக் கப்பல் என்ன சொல்கிறது?'
கேப்டன் ரோக்னே கேட்கிறார்.
'இடப்பக்கம் திரும்பு என்கிறது, ஐயா.
இல்லாவிட்டால்
கப்பலில் தொற்றுநோய் என்கிறது.'

இரவில் விளக்கு.
நீலக் கண்ணாடிக்கு முன்னால் தகர இமைகள்.
பிடியை அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடும்.
ஓர் இமைப்பொழுது திறந்தால் குறில்,
மூன்று என்றால் நெடில்.
இந்த இரண்டை வைத்துக்கொண்டு
எதை வேண்டுமானாலும் சொல்லலாம்,
விரல் விறைக்கும் வரை.

ஓட்வார், ஓலெசுன் ஊர்க்காரன்.
போருக்கு முன் செய்தித்தாளில் மெய்ப்புத் திருத்தியவன்.
மீன்விலைப் பட்டியலில் ஒரு புள்ளி இடம் மாறினாலும்
இரவு சோறு இறங்காது அவனுக்கு.

மூன்றாம் வரிசை, இரண்டாம் கப்பல்.
போலந்துக் கொடி.
அதன் விளக்கில் இருப்பவன்
பெயர் தெரியாது, முகம் தெரியாது.
கை மட்டும் தெரியும்.
நெடிலை இழுத்து இழுத்து
அளபெடை ஆக்குகிற கை.

இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்தான் பேச்சு.
அந்த மொழியில் இரவு என்ற சொல்லின் நடுவே
இரண்டு எழுத்துகள் சும்மா உட்கார்ந்திருக்கும்;
வாய்க்கு வராது, தாளில் மட்டும் இருக்கும்.
போலந்துக்காரன் அவற்றை அனுப்புவதே இல்லை.
காவல் மாறும் நேரத்தில் தினமும்
நல்லிரவு சொல்வான்,
நடுவில் ஓட்டையோடு.

'எழுத்து விட்டுப்போயிற்று'
என்று முதல் வாரம் திருத்தினான் ஓட்வார்.
பதில் வந்தது:
'யாரும் உச்சரிக்காததற்கு
நான் ஏன் கை வலிக்க வேண்டும்?'
காப்பி கொண்டுவந்த சமையல்காரன் தொர்லெய்வ்
இருட்டைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறவனை
ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

பன்னிரண்டாம் நாள் நண்பகல்
மேகத்துக்குள்ளிருந்து விமானங்கள்.
ஒன்று தாழப் பறந்து
மூன்றாம் வரிசையின் மேல்தளங்களைத்
தையல் போட்டுக்கொண்டு போனது.
எந்தக் கப்பலும் மூழ்கவில்லை.
'சேதம் இல்லை' என்று
தலைமைக் கப்பல் கொடி ஏற்றியது.

மறுநாள் காலை
போலந்துக் கொடி பாதிக் கம்பத்தில் நின்றது.
தொலைநோக்கியை வைத்துக்கொண்டு
நெடுநேரம் பார்த்தான் ஓட்வார்.
கப்பி உறைந்து நடுவழியில் சிக்கியிருக்கலாம்.
நேற்று நம் கொடியும் சிக்கியதே.
துடைப்பக் கட்டையோடு யாராவது வருவார்கள்
என்று பார்த்தான்.
மூக்கு நுனி மரத்துப்போனது.

இரவு, அதே நேரம்,
அதே கப்பலில் நீலம் இமைத்தது.
நெடில்கள் அளவாக, மூன்று இமைப்பொழுது, மிகாமல்.
நல்லிரவு என்றது.
நடுவில்
இரண்டு நெடில் ஒரு குறில்,
பிறகு நான்கு குறில்.
ஒரு பிழையும் இல்லை.

ஓட்வார் கையுறையைக் கழற்றினான்.
பிடி, தோலைக் கவ்வியது.
நல்லிரவு, என்று அனுப்பினான்,
நடுவில் இரண்டு எழுத்தை விட்டுவிட்டு.

சொல் கிடைத்தால்
ஒற்றை நெடிலால் ஒப்ப வேண்டும்.
அதுதான் முறை.
எதிர்ப்பக்கம் இருட்டு.
மறுபடி அனுப்பினான், அப்படியே.
இருட்டு.
புதியவன் சொற்பட்டியலைப் புரட்டுகிறான் போலும்,
கைவிளக்கை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு.
மூன்றாம் முறை.
கப்பல்களுக்கு நடுவே
ஒரு பெரிய அலை எழுந்து, எல்லாவற்றையும் மறைத்து,
இறங்கியது.

ஒற்றை நெடில்.